இசக்கிப்பாண்டியின் அடுப்பு

துல்கர்னைன் தன் மனைவி ஹாஜரா பீவியோடு சேர்ந்து இருந்தது நாற்பத்திரண்டு நாள்தான். நாற்பத்து மூன்றாம் நாள் காலை தென்காசி ஸ்டேஷனில் ரயிலேறினான். 1957-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதக் கடைசி. ஸ்டேஷனுக்கு ஹாஜரா வரவில்லை. பெண்பிள்ளைகள் வருகிற வழக்கம் இல்லை. மாமனார் சேக் மைதீன் வந்திருந்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த மனிதர். புளியறை செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தவனுக்குப் பெண்ணைக் கொடுத்தது, செத்துப்போன தங்கச்சிக்குச் சொன்ன வாக்குக்காக. தங்கச்சி மகன் இல்லையென்றால் கடைப்படி ஏறவும் விட்டிருக்க மாட்டார்.

"ரெண்டு வருசம்னு சொல்லியிருக்கே," என்றார் பிளாட்பாரத்தில். "ரெண்டு வருசம் எம் மவ பொறுத்துக்கிடுவா. அதுக்கு மேல இழுத்துச்சுன்னா ஜமாஅத்துல வச்சுப் பேசி அவளை விடுவிச்சுருவேன். இப்பவே சொல்லிட்டேன், பெறவு கோவப்படாதே."

"வந்துருவேன் மாமா."

"கப்பல்ல வாந்தி வருமாம். ஊறுகா எடுத்துக்கிட்டியா?"

அவ்வளவுதான் வழியனுப்பு.

அவன் போய் இறங்கிய தீவுக்கு ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாரசீக வளைகுடாவில், பேருக்கு ஒரு மரம்கூட இல்லாத மணல்திட்டு. கடலுக்கடியில் எண்ணெய் தேடுகிற கம்பெனி ஒன்று அதன்மேல் தகரக் கொட்டகைகளை வரிசையாக நிறுத்தியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்குக் குளிர்மெஷின் வைத்த கொட்டகை. இந்தியர்களுக்கு வெறும் தகரம். அரபுக் கூலிகளுக்குக் கூடாரம். குடிக்கிற தண்ணீர் கப்பலில் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி, குளிக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஜெனரேட்டர் சத்தம் ஓயாது. வந்த முதல் மாதம் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. இரண்டாம் மாதத்திலிருந்து, எப்போதாவது அது நின்றுபோனால்தான் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள்.

கடலில் துளை போடுகிற வெள்ளைக்காரர்கள் செட்டுச் செட்டாக வருவார்கள். நாலு வாரம் வேலை. அது முடிந்த வெள்ளிக்கிழமை, சின்ன விமானம் ஒன்று மணலில் வந்து இறங்கும். முகம் மழித்துச் சிவந்த புதுச் செட்டு இறங்கும். தாடியும் எண்ணெய்க் கறையுமாகப் பழைய செட்டு ஏறும். ஏறும்போது பாடிக்கொண்டே ஏறுவார்கள். எவனுக்கு முட்டையின் மஞ்சள்கரு உடையக் கூடாது, எவனுக்கு இரண்டு பக்கமும் வேகவேண்டும் என்று சமையல்காரனுக்கு மனப்பாடம் ஆகும்போது அந்த வெள்ளைக்காரன் ஆகாயத்தில் இருப்பான். சமையல்கட்டுக்குச் செட்டு கிடையாது. சமையல்காரனுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மாத லீவு. அதுவும் மாத்தாள் இருந்தால்.

சமையல்கட்டில் துல்கர்னைனோடு சேர்ந்தவன் இசக்கிப்பாண்டி. இலஞ்சிக்காரன். குற்றாலத்தில் சீசன் நேரத்து ஹோட்டல்களில் அடுப்படியில் நின்றவன். இருவரும் ஒரே ஏஜெண்டு மூலம் ஒரே கப்பலில் வந்தவர்கள். முதல் நாள் காலையில் தலைமைச் சமையல்காரரான கோவாக்காரர் ஒரு பெரிய டின்னைத் திறந்து மேடைமேல் வைத்தார். உள்ளே மெல்லிசாகச் சீவிய கறித்துண்டுகள், வெள்ளையும் சிவப்புமாக.

"பேக்கன்," என்றார். "பன்னி."

துல்கர்னைன் மேடையிலிருந்து கையை எடுத்துவிட்டான். பக்கத்து மேடையில் ஒரு மாட்டுத்தொடை கிடந்தது. இசக்கிப்பாண்டி அதைப் பார்த்தான். பிறகு துல்கர்னைனைப் பார்த்தான்.

"பாய், நீரு மாட்டைப் பாத்துக்கிடும். பன்னிய நான் பாத்துக்கிடுதேன். சரியா?"

"உனக்கு ஒண்ணும் இல்லையாலே?"

"எங்க சுடலைமாடனுக்குப் பன்னி வெட்டுதோம். அவரே சாப்பிடுதாரு, எனக்கு என்ன? ஆனா அந்தத் தொடைய எம் பக்கம் தள்ளாதேயும். எங்க அம்மை கனவுல வந்து செருப்பால அடிப்பா."

அப்படித்தான் அந்தச் சமையல்கட்டில் அடுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஜன்னல் பக்கம் இசக்கி அடுப்பு. வாசல் பக்கம் பாய் அடுப்பு. இடுக்கி தனி, சட்டி தனி, சட்டி துடைக்கிற துணி தனி. காலை நாலு மணிக்கு இசக்கி அடுப்பில் பேக்கன் பொரியும். பாய் அடுப்பில் முட்டையும் ரொட்டியும். சாயங்காலம் பாய் அடுப்பில் மாட்டுக்கறி வாட்டும்போது இசக்கி உருளைக்கிழங்கு வேகவைப்பான். வெள்ளைக்காரர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. தட்டில் இரண்டும் சேர்ந்து வந்தால் அவர்களுக்குச் சரி.

"நாம ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு சமையக்காரன், பாய்," என்று இசக்கி சிரிப்பான். சிரித்தாலும் அது உண்மை. அதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. ஒருவன் நகர்ந்தால் மற்றவன் நிலைமை என்ன என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இரண்டு வருஷம் முடிந்தபோது கேட்டரிங் துரை இருவரையும் கூப்பிட்டார். ஒருவர் போய் வந்த பிறகுதான் அடுத்தவர். யார் முதலில் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் அவருக்கு அக்கறை இல்லை.

இசக்கி சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றான். ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து இரண்டு துண்டில் பெயர் எழுதினார்கள். துல்கர்னைன் பெயர் வந்தது.

அந்தத் துண்டை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன் இசக்கியிடமே கொடுத்தான்.

"நீ போ."

"என்ன வே, கிறுக்கா? உம்ம பேருல்லா வந்திருக்கு?"

"இப்பப் போனா மார்கழியில திரும்பணும். நோன்பு மாசி நடுவுலதான் வருது. நீ போயிட்டு வந்தேன்னா, நான் தை மாசம் போயி நோன்பும் பெருநாளும் ஊர்ல இருந்துட்டு வருவேன்."

ஹாஜராவோடு அவன் ஒரு நோன்புகூடத் திறந்ததில்லை. கல்யாணம் நடந்தது அந்த வருஷப் பெருநாளுக்குப் பிறகு. தன் வீட்டில், தன் மனைவி காய்ச்சிய கஞ்சியில், ஒரு மாதம் நோன்பு திறக்க வேண்டும் என்பது அவனுக்கு ஒரு ஆசையாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்படுகிற மாதிரி ஒரு ஆசை. நாலு மாதம் தள்ளிப்போவதை மாமனாருக்கு எழுதினான். பதில் வந்தது: 'நோன்புக்கு வந்து சேரவும். வராத பட்சத்தில் பெருநாள் கழித்து ஜமாஅத்தில் பிராது கொடுப்பேன்.'

இசக்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் கப்பலேறும்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு, அவன் வந்துதான் பண்பொழி மலைக்கோயிலில் மொட்டை போட வேண்டும் என்று முடியை வளரவிட்டிருந்தார்கள். "பொட்டப்பிள்ளை மாதிரி சடை போட்டு வச்சிருக்காளாம் பாய் எம் பொண்டாட்டி," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஹாஜராவுக்காகத் துல்கர்னைன் சேர்த்து வைத்திருந்த சோப்பு, துணி, டார்ச்லைட் எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் கட்டிக்கொண்டு லாஞ்சுப் படகில் ஏறினான்.

மறுநாள் காலை நாலு மணிக்குச் சமையல்கட்டுக்குள் வந்த துல்கர்னைன், ஜன்னல் பக்கத்து அடுப்பு பற்றவைக்காமல் கிடப்பதைப் பார்த்தான். மேடையில் டின் இருந்தது. மாத்தாள் வருவான் என்று அவன் நினைத்திருந்தான். எப்படி அப்படி நினைத்தோம் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டான். இசக்கிக்கு மாத்தாள் அவன்தான்.

அவன் தயங்கி நின்றதைக் கோவாக்காரர் போய்ச் சொன்னார். கேட்டரிங் துரை தூக்கக் கலக்கத்தோடு வந்தார். அவர் சொன்னதைக் கோவாக்காரர் இந்தியில் சொன்னார். துல்கர்னைனுக்கு அது முழுக்கப் புரிந்தது.

"முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சனிக்கிழமை லாஞ்சுல ஊருக்குப் போயிரலாம். வேற ஆளு பாத்துக்கிடுதோம்."

துரை கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. கொட்டாவி விட்டார்.

சனிக்கிழமை லாஞ்சு. ஐப்பசிக்குள் தென்காசி. ஆனால் துல்கர்னைன் கண்ணுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது ஜவுளிக்கடை வாசல். வேலையைவிட்டுத் துரத்தப்பட்டு, கையில் பையோடு அந்தப் படியேறுகிற தானும், கல்லாவில் உட்கார்ந்தபடி தலையை மட்டும் நிமிர்த்திப் பார்க்கிற மாமனாரும்.

"முடியும்," என்றான்.

தீட்டுப் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவ வேண்டும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருந்தார்கள். மண்ணுக்கு அந்தத் தீவில் பஞ்சமில்லை. தண்ணீர் ஒரு வாளிதான். ஆகவே காலைப் பந்தி முடிந்ததும் கடலுக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று, மணலை அள்ளித் தேய்த்து, உப்புநீரில் ஏழு தரம் கழுவினான். தினம். கார்த்திகைக்குள் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ரொட்டி மாவு பிசையும்போது எரிந்தது. கழுவின கையை அவனே நம்பவில்லை. மற்றவர்கள் எப்படி நம்புவார்கள்? இந்தியர் கொட்டகையில் முஸ்லிம் ஆட்கள் பத்துப் பேர் ஒரே பானையில் சோறாக்கிச் சாப்பிட்டு வந்தார்கள். சலவைப் பிரிவில் இருந்த ஆதம் என்ற மலபார்க்காரர்தான் அதற்குப் பெரியவர்; எல்லாரும் அண்ணன் முறையில் 'காக்கா' என்பார்கள். ஒருநாள் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. இசக்கி வர்ற வரைக்கும் நீ தனியாச் சாப்பிடு. பிள்ளைங்க அருவருக்குதுங்க."

"நான் பானையைத் தொட மாட்டேன் காக்கா. தட்டுல போட்டுத் தாங்க."

"அதுக்கும் அருவருக்குதுங்க."

நூறு பேருக்கு மூன்று வேளை சமைத்தவன், தனக்கு ஒரு சின்னச் சட்டியில் தனியாக வடித்துத் தின்றான்.

மார்கழி முடிந்தது. இசக்கி வரவில்லை. தை பிறந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெள்ளைக்காரர்கள் பாடிக்கொண்டே ஏறிப் போனார்கள். பிப்ரவரி நடுவில் கடுதாசி வந்தது. ஊரில் எழுத்துத் தெரிந்த யாரிடமோ சொல்லி எழுதியிருந்தான். பம்பாயில் டாக்டர் சோதித்ததில் நெஞ்சில் காசநோய்ப் புள்ளி இருப்பதாகச் சொல்லிக் கப்பலேற விடவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டேன், உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டேன். கடுதாசியோடு துல்கர்னைன் துரையிடம் ஓடினான். வேறு ஆளுக்கு எழுதியிருக்கிறோம், வந்ததும் நீ போகலாம் என்றார் துரை. எப்போது வருவான்? துரை தோளைக் குலுக்கினார்.

பிறை தெரிந்தது. அந்த நோன்பு முப்பது நாளும் அவன் பட்டினி வயிற்றோடு இசக்கி அடுப்பில் நின்று பேக்கன் பொரித்தான். புகை தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறியுமா என்று கேட்க ஆள் இல்லை. ஆதமிடம் கேட்க வாய் வரவில்லை. பெருநாளன்று கூட்டுத்தொழுகையில் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றான். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அவனாகவே நின்றான்.

பெருநாள் கழித்து மாமனார் கடுதாசி வந்தது. அதில் தாமதத்தைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் வேறு விஷயம். மாத்தாள் யாரையும் அனுப்பவில்லை என்று ஏஜெண்டு வாயால் கேள்விப்பட்டு, ஐப்பசியில் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்த இசக்கி, கடையில் பத்துப் பேர் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னானாம்: 'முதலாளி, ஒங்க மருமவன் மாதிரி ஒரு ஆளு இந்தச் சீமையில கிடையாது. எம் பிள்ளைக்கு நான் மொட்டை போடணும்னு, எனக்குப் பதிலா அவரு அங்கன நின்னு பன்னி பொரிக்காரு.'

கும்பிட்டபோது அவன் கண்ணில் தண்ணீர் நின்றதாம். அதையும் சேக் மைதீன் எழுதியிருந்தார்.

ஜூன் மாதம் மாத்தாள் வந்தான். ஜன்னல் பக்கத்து அடுப்பைக் காட்டிவிட்டுத் துல்கர்னைன் லாஞ்சில் ஏறினான். ஜூலையில் தென்காசியில் இறங்கினபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம் ஸ்டேஷனை அடைத்துக்கொண்டு நின்றது. எல்லார் தோளிலும் துண்டு. எல்லார் முகத்திலும் சிரிப்பு. அவன் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

பையன் வந்து சேரட்டும் என்று ஜமாஅத்தில் பிராதை நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் பள்ளிவாசல் இமாம் யாக்கூப் அசரத். மெலிந்த மனிதர், பிரித்து வைப்பதில் விருப்பமில்லாதவர்.

"தாமதத்தை விடு மைதீன். பய வந்துட்டான்லா," என்றார். "மத்ததைப் பேசுவோம்."

"மத்ததுக்கு சாட்சி வெளிய நிக்கான் அசரத்."

இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டார்கள். பாதியாக இளைத்திருந்தான். துல்கர்னைனைப் பார்த்ததும் உதடு கோணிக்கொண்டு வந்தது. தான் என்ன செய்துவிட்டோம் என்று இந்த ஒன்பது மாதத்தில் அவனுக்கு ஊரே சொல்லிக்கொடுத்திருந்தது. அதைச் சரிக்கட்டிவிடுகிற முடிவோடு வந்திருந்தான்.

"சாமி, அன்னைக்கு நான் முழுசாச் சொல்லலை. பாய் மாட்டேன்னுதான் சொன்னாரு. வெள்ளைக்காரன் துப்பாக்கிய எடுத்து இவரு நெத்தியில வச்சுட்டான்."

"நீ பாத்தியா?"

"பாக்காமயா சொல்லுதேன்?"

கூட்டத்தில் ஒருவர், "நீருதான் கப்பலேறிட்டீரே வே, கடல்ல இருந்தா எட்டிப் பாத்தீரு?" என்றார். கூடமே சிரித்தது.

"அதுக்கு முந்தியும் ஒருக்க வச்சான்," என்றான் இசக்கி. சிரிப்பு இன்னும் பெருத்தது. அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

அசரத் கையை உயர்த்தினார். "துப்பாக்கி கிடக்கட்டும். துல்கர்னைன், நீ சொல்லு. உன்னையக் கட்டாயப்படுத்துனாங்களா? உசுருக்கோ வயித்துக்கோ பயந்து செஞ்சியா? ஆமான்னா, ஆண்டவன்கிட்ட அதுக்கு மன்னிப்பு இருக்கு. தவ்பா செஞ்சுட்டுப் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போ."

ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அதைக் கையிலும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அசரத் முகத்தில் 'சொல்லு, சொல்லித் தொலை' என்று எழுதியிருந்தது. துல்கர்னைன் இருமிக்கொண்டு நிற்கிற இசக்கியைப் பார்த்தான். சிரித்த ஆட்களைப் பார்த்தான். சிரிக்காமல் தாடியை நீவிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தான். மூன்று வருஷமாக யார் எது கேட்டாலும் 'முடியும்', 'சரி', 'ஆகட்டும்' என்றே சொல்லிவந்த வாய் அது.

"துப்பாக்கி இல்லை அசரத். முடியுமா முடியாதான்னு கேட்டாங்க. முடியும்னேன். முடியாதுன்னா அந்தச் சனிக்கிழமையே ஊருக்கு அனுப்பியிருப்பாங்க."

"பெறவு ஏன் முடியாதுன்னு சொல்லலை?"

"வேலை போயி வெறுங்கையோட வந்தா, இந்த மனுசன் வீட்டுப் படியேற முடியுமா?"

அதுவரை அவரை மாமா என்றே சொல்லிவந்தவன். சேக் மைதீன் எழுந்துவிட்டார். "கேட்டுக்கிட்டீங்களா? பன்னிய இவன் தொடுவான். பழி எனக்கு!"

"உக்காரும்," என்றார் அசரத். "வாசல் இன்னும் மூடலை. தவ்பாவுக்கு எந்நேரமும் திறந்துதான் கிடக்கு. பொண்ணு என்ன சொல்லுதோ, அதுபடி. ரெண்டு பேரும் பேசட்டும்."

அன்று சாயங்காலம் சேக் மைதீன் வீட்டு முற்றத்தில் துல்கர்னைன் உட்கார்ந்திருந்தான். ஹாஜரா நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அவளுக்கு இப்போது இருபத்தொரு வயது. அவன் நினைவில் வைத்திருந்த முகத்தைவிட இது நீண்டிருந்தது. மூன்று வருஷம் கப்பல்காரன் பெண்டாட்டி என்று தெருவில் பேர் வாங்கியவள். விசேஷ வீடுகளில் 'ஒம் மாப்ளைக்கு அடையாளம் தெரியுமாட்டி?' என்று கேலி கேட்டு, சிரிக்கவும் பழகியவள்.

"நடந்ததெல்லாம் இங்கன வந்து சொன்னாங்க," என்றாள்.

"தவ்பா செஞ்சுருதேன் ஹாஜரா. அசரத் சொல்லிட்டாரு. இனி அங்க போகலை. புளியறையில பழைய கடைக்கே..."

"பன்னியத் தொட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை மச்சான். அது கழுவினாப் போயிரும். அந்தச் சனிக்கிழமை ஏறியிருந்தா ஐப்பசியில இங்க இருந்திருப்பீங்க. அப்படித்தான?"

"ஆமா."

"அன்னைக்கு அந்த வெள்ளைக்காரன் கேட்டப்ப என்னைய நினைச்சீங்களா?"

அவன் வாயைத் திறந்தான்.

"பொய் சொல்லாதீங்க. இன்னைக்குத்தான் ஊர் முன்னால உண்மை பேசிட்டு வந்திருக்கீங்க. வாப்பாவ நினைச்சீங்க. வாப்பா கல்லாவில இருந்து எப்படிப் பாப்பாருன்னு நினைச்சீங்க. இங்க ஒருத்தி வெறுங்கையோட வந்தாலும் போதும்னு இருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு உங்களுக்குத் தோணலை. நான் நாளை எண்ணிக்கிட்டுக் கிடந்தது உங்களுக்குன்னு நினைச்சேன். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வீம்பு காட்டுததுக்கு நான் நடுவுல கிடந்திருக்கேன்."

"ஹாஜரா..."

"வாப்பா பிராது கொடுத்தது பன்னிக்காக. நான் விடுதலை கேக்குதது அதுக்காக இல்லை. அதை அவங்க எழுதுற நோட்டுல சரியா எழுதச் சொல்லுங்க."

கதவைச் சாத்தவில்லை. அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை ஜமாஅத் நோட்டில் விடுதலை எழுதினார்கள். காரணம் என்ன போடுவது என்று எழுதுகிறவர் கேட்டபோது, சேக் மைதீன் ஒன்று சொன்னார், அசரத் வேறொன்று சொன்னார். கடைசியில் 'இருவர் சம்மதத்தின் பேரில்' என்று எழுதினார்கள். இசக்கிப்பாண்டி பள்ளிவாசல் வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"விலாசம் சொல்லு," என்றார் எழுதுகிறவர். "புளியறைன்னு போடவா?"

துல்கர்னைன் கம்பெனியின் தபால்பெட்டி எண்ணைச் சொன்னான்.

"இது எந்த ஊருப்பா?"

"ஊரு இல்லை. நம்பரை மட்டும் எழுதுங்க, போதும். கடுதாசி வந்துரும்."